பரணி, கிருத்திகை, ரோகிணி

கல்யாணமாகி நாலு வருடம் எனக்குக் குழந்தை இல்லை. தொண்ணூறுகளில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள்கூட மூன்றாவது கேள்வியாக அதைத்தான் கேட்பாள். முதல் இரண்டும் எந்த ஊர், குலத்தில் எந்தக் கூட்டம். நான் வாய்க்காரி. "ஏனுங்க, உங்க புள்ளைங்க உங்களைப் பாக்க வாராங்களா?" என்று திருப்பிக் கேட்டு வாயை அடைத்துவிடுவேன். வீட்டுக்கு வந்து, கிணற்று மோட்டார் ஓடுகிற சத்தத்தில் அழுவேன்.

மாமியார் கெட்டவரில்லை. ஒரு நாளும் குத்திப் பேசியதில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் விரதம். செவ்வாய், வெள்ளி ஆனைமலை அம்மனுக்கு. சனிக்கிழமை காரமடைப் பெருமாளுக்கு. மாதாமாதம் கிருத்திகை முருகனுக்கு. அதில் கிருத்திகைதான் கடுமை. பரணி அன்று மத்தியானச் சாப்பாட்டோடு சரி, கிருத்திகை முழுப்பட்டினி, ரோகிணி விடிந்து குளித்த பிறகுதான் சோறு. அந்த மூன்று நாளும் என் வீட்டுக்காரர் முன்கூடத்தில் பாய் விரித்துக்கொள்வார். "சுத்தபத்தமா இருந்தாத்தான் சாமி கண் தொறக்கும் அம்மணி" என்பார் மாமியார். செவ்வாய், வெள்ளி, சனிக்கும் அதே சட்டம்தான்.

நாலாவது வருடம் வீட்டுக்காரரின் பெரியம்மா வந்து உட்கார்ந்து, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெண் இருப்பதாக ஆரம்பித்தார். நான் காப்பி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார். "தை வரைக்கும் பாப்போம். அப்புறம் பேசி முடிச்சரலாம்." வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. டம்ளரை அவர் முன்னால் வைக்கிறபோது காப்பி பாதி தரையில் சிந்தியது. வேண்டுமென்றேதான்.

மறுவாரமே அவரை இழுத்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனேன். டாக்டரம்மா இரண்டு பேருக்கும் டெஸ்ட் எழுதினார். "எனக்கெதுக்குங்க?" என்று இவர் முறைத்தார். "பாதி நீங்கதானுங்களே" என்றார் டாக்டரம்மா. பதினைந்து நாள் முரண்டு பிடித்துவிட்டு டெஸ்டுக்குக் கொடுத்தார். முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் எந்தக் குறையும் இல்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எதுவுமே கெடவில்லை என்றால் எதைப் போய்ச் சரிசெய்வது?

"எத்தனை நாளுக்கு ஒருக்கா குளிக்கறீங்க?" என்று மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார் டாக்டரம்மா. இருபத்தேழு, சில மாதம் இருபத்தெட்டு என்றேன். கருமுட்டை ஒரு நாள்தான் உயிரோடிருக்கும், அந்த நாளும் அதற்கு முந்தின நாலு நாளும்தான் கணக்கு, மற்ற நாளெல்லாம் கணக்கில் சேராது என்று விளக்கினார். எனக்கு அது விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணினால் ஒன்பது முதல் பதின்மூன்று வரை. பத்தாவது படித்தவள் நான். இது எனக்கு அதுவரை தெரியாது.

சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கும். மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. விரத நாட்களை யாரிடமாவது கேட்டு அதில் குங்குமப் பொட்டு வைத்துவிடுவார். நான் நீலப் பேனாவால் ஐந்து நாட்களை வட்டமிட்டேன். வெள்ளி, சனி, பரணி, கிருத்திகை, ரோகிணி. ஐந்து வட்டத்துக்குள்ளும் ஐந்து பொட்டு. அடுத்த மாதத்துக்குத் திருப்பினேன். ஒரே ஒரு வியாழக்கிழமை தப்பியிருந்தது. கிருத்திகையும் இருபத்தேழு நாளுக்கு ஒருமுறைதானே வரும்! பிள்ளை வேண்டும் என்று சாமி கும்பிட்டே பிள்ளைக்கு நாளில்லாமல் செய்திருக்கிறோம். அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன், அப்புறம் பயங்கரக் கோபம் வந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சாமி விசயத்துல வெளையாடாதே" என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மாமியாரே கேட்டார். "இதென்ன கண்ணு, பொட்டைச் சுத்தி வட்டம் போட்டிருக்கறே?"

மாமியாரிடம் பேசுகிற பேச்சா அது? இருந்தாலும் தை மாதம் கண்முன்னால் நின்றது. கத்தரிக்காயை அரிந்துகொண்டே, தலை நிமிராமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

அவர் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பொட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"ரோகிணிக்குப் பொறவு சேந்தா?"

"பிரயோசனமில்லீங்களாம் அத்தை."

"இருபத்தேழு நாளுக்காரிக்கு இப்படித்தான்னு டாக்டரே சொன்னாங்களா?"

"ஆமாங்க."

காலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினார். சாயங்காலம் மகன் வந்ததும் முன்கூடத்துப் பாயைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார். "இனி உங்க ரெண்டு பேரு விரதத்தையும் நான் புடிக்கறேன். சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீ உள்ள போயி படு." இவர் முழித்தார். "போடாங்கறேன்!" என்று ஒரு அதட்டல் போட்டார்.

மூன்று கிருத்திகை அவர் ஒருத்தியாகப் பட்டினி கிடந்தார். நாலாவது கிருத்திகைக்கு எனக்கு நாள் தள்ளிப்போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. தை பிறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. டாக்டரம்மாவிடம் போய் உறுதி செய்துகொண்டு வந்து, முதலில் மாமியாரிடம்தான் சொன்னேன். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். பெரியம்மாவுக்கு ஆள்விட்டு, பொள்ளாச்சிப் பெண்ணை வேறு வீட்டில் கேட்கச் சொன்னார். எல்லாம் முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இவன் பொறக்க எனக்கு ஒம்பது வருசமாச்சு கண்ணு. எட்டு வருசம் ஒரு கிருத்திகையக்கூட உட்டதில்லை. ஒரு வளைகாப்புக்கும் என்னைய முன்னால நிக்க உடமாட்டாங்க. ஒம்பதாவது வருசம் காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சேன், ஒடம்பு தேறட்டும்னு விரதத்தை உட்டுப்போட்டேன். அப்பத்தான் இவன் தங்கினான். காய்ச்சலைப் பாத்துச் சாமி எரக்கப்பட்டுதுன்னு நெனைச்சிட்டிருந்தேன்."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"எனக்கும் இருபத்தேழு நாளுதான் அம்மணி. ஒருத்தரும் சொல்லலையே."