புளி போட்டு மினுக்கிய தோட்டாக்கள்

கனடாவில் அஜக்ஸ் நகரில் இருக்கும் என் மைத்துனன் சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைக் கழுவி, புது வெடிமருந்து அடைத்து மான் வேட்டைக்குக் கொண்டுபோவான். பொறியியல் படித்தவன். ஒருநாள் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் அவன் துவக்கால் சுட்ட பத்தில் ஆறு கோதுகள் கழுத்தில் பிளந்திருந்தன. துவக்கைத் திட்டினான், மருந்தைத் திட்டினான், தன்னை மட்டும் விட்டுவிட்டான். ஒரு கோதை எடுத்துப் பார்த்தேன். பித்தளை செம்பு நிறத்துக்குப் போயிருந்தது.

"எதாலை கழுவினனீ?"

"புளியாலை, அத்தான். ரெண்டு நாள் ஊறவிட்டனான். அம்மா குத்துவிளக்குக்கு உதுதானே போடுறவ."

புளி பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்துக் கோதைப் பலவீனமாக்கிவிட்டது என்றேன்.

"ஆனா நல்லா மினுங்கினது, என்ன?"

மிச்சக் கோதுகளைச் சாமியறையில் அடுக்கித் திரி போடச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.