காலையில் மட்டும் கொதித்த கார்

டாக்சி ஸ்டாண்டில் அவரைக் கெட்டில் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராகவே. அத்தனை டிரைவர்களில் அவர் ஒருவர்தான் பெண். தையல் ஆலையில் விரல் மரத்துப்போகும் வரை உழைத்து, விடுமுறை நாட்களில் வண்டி பழகி, லைசென்ஸ் எடுத்து, சிரித்தவர்களையெல்லாம் தாண்டி வந்து அந்தப் பழைய வெள்ளைக் காரின் சாவியை வாங்கியவர். விடிந்ததிலிருந்து மதியம் வரை வண்டி அவர் கையில். அதற்குப் பிறகு இரவு வரை முதலாளியின் மச்சினன் கையில்.

சிக்கல் இதுதான்: வண்டி அவரிடம் கொதித்தது, மச்சினனிடம் கொதிக்கவில்லை. காலையில் மேம்பாலம் ஏறி முடிப்பதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும். பானெட்டிலிருந்து ஆவி கிளம்பும். பயணி திட்டிக்கொண்டே இறங்கிப் போவார். கெட்டில் என்ற பெயர் வந்தது அப்படித்தான். ஆறவிட்டு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால், அன்று முழுக்கத் தொந்தரவே இருக்காது.

மெக்கானிக் இரண்டு முறை பார்த்தார். இரண்டு முறையும் வண்டி ஓடிய சூட்டோடுதான் அவரிடம் போனது. ரேடியேட்டரில் பம்ப் மாட்டி அழுத்தம் கொடுத்துப் பார்த்தார், பம்பின் அழுத்த முள் இறங்கவில்லை. "சொட்டு லீக் கிடையாது" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டில கோளாறு இல்லன்னா கைலதான் கோளாறு" என்றார் முதலாளி. "ராசி இல்லாத கைம்மா உனக்கு."

மறுநாள் முதலாளியே வண்டியின் கண்ணாடியில் ஒரு தாயத்தைத் தொங்கவிட்டார். தாயத்தோடு சேர்ந்து வண்டி கொதித்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து இரண்டு ஷிப்டும் மச்சினனுக்கே என்று முடிவானது.

ஆண் ஓட்டும் வண்டி கொதித்தால் ரேடியேட்டரைப் பார்க்கிறார்கள். பெண் ஓட்டும் வண்டி கொதித்தால் அவள் உள்ளங்கையைப் பார்க்கிறார்கள். ராசி என்பது யோசிக்கச் சோம்பல்படுகிறவன் வைத்திருக்கும் பதில். அந்தச் சோம்பலுக்காக வேலையை இழப்பது மட்டும் இன்னொருவர்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்றபடி கணவரிடம் கேட்டார். கணவர் சலூன் வைத்திருக்கிறார்.

"ஏங்க, அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"அவனுக்கு மீசை இருக்கு. நாந்தானே ஒதுக்கி விடுறேன்."

"மீசையப் பாத்தா இன்ஜின் ஓடுது? விளையாடாம சொல்லுங்க. அதே ரோடு, அதே பெட்ரோல், அதே பாலம்."

"அவன் உங்கிட்ட வண்டிய வாங்குறான். நீ யாருகிட்ட வாங்குற?"

"யாருகிட்டயும் இல்ல. ராத்திரி பூரா ஷெட்லதான நிக்குது..."

கரண்டி பாதி வழியில் நின்றது. "அவன் சூடா இருக்கிறத எடுக்கிறான். நான் ஜில்லுனு இருக்கிறத எடுக்கிறேன்!"

"அப்ப கத்திரிக்கா கருகுறதையும் கொஞ்சம் பாரு" என்றார் கணவர்.

மறுநாள் முதலாளியின் மேசை முன்னால் நின்றார். "நாளைக்கு ஒரே ஒரு நாள் ஷிப்ட மாத்துங்க. காலைல உங்க மச்சினன் ஓட்டட்டும், மத்தியானத்துக்கு மேல நான் ஓட்டுறேன். என் கைதான் காரணம்னா அப்பவும் கொதிக்கும். கொதிச்சா நானே சாவிய வெச்சுட்டுப் போயிடுறேன்."

முதலாளி சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

அடுத்த நாள் காலை மேம்பாலத்தில், ஆவிக்கு நடுவே நின்றுகொண்டு மச்சினன் போன் செய்தான். "மாமா, எனக்கும் கொதிச்சிருச்சு!"

"அவ ராசி வண்டில ஒட்டிக்கிச்சுடா" என்றார் முதலாளி.

"அப்போ அந்த ராசி மத்தியானத்துல தூங்கப் போயிடுமாண்ணே?" என்று ஒரு டிரைவர் கேட்க, ஸ்டாண்டே சிரித்தது. அன்று மதியத்திலிருந்து இரவு வரை, சொன்னபடியே அவர் ஓட்டினார். முள் நடுவிலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை விடியலில், இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே எல்லோரையும் ஷெட்டுக்குக் கூப்பிட்டார். பானெட்டைத் தூக்கினார்.

"டப்பால தண்ணி நிறைய இருக்கே" என்றார் முதலாளி, ரேடியேட்டருக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டி.

"தினமும் நானும் அதத்தான் பாத்து ஏமாந்தேன். ரேடியேட்டர் மூடியத் திறந்து விரல விடுங்க."

முதலாளியின் விரல் காய்ந்தே வெளியே வந்தது.

விரலை விடச் சொன்னவர் வண்டியின் அடியில் படுத்து, கீழே மறைத்திருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினார். ராத்திரி முழுக்க அதில் தேங்கிய தண்ணீர் தரையில் கொட்டியது. மேலே, ரேடியேட்டரின் அடிக்குழாய் மாட்டியிருந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ரப்பர் விறைத்துப்போய், கிளிப் தளர்ந்திருந்தது. குளிர்ந்தால் ரப்பர் சுருங்கி வழிவிடும். சூடேறினால் உப்பி அடைத்துக்கொள்ளும். ஆறும்போது டப்பாவிலிருந்து தண்ணீரை உறிஞ்ச வேண்டிய ரேடியேட்டர், அந்த இடைவெளி வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டது. டப்பா நிறைந்தே இருந்ததன் ரகசியம் அதுதான்.

"கொதிச்சதால தண்ணி தீந்துச்சுன்னு நெனச்சோம்" என்றார். "தண்ணி தீந்ததாலதான் கொதிச்சிருக்கு."

தண்ணீர் ஊற்றினார். சொட்டு விழுந்தது. இன்ஜினை ஓடவிட்டார். குழாய் கை சுடும் அளவுக்குச் சூடானதும், அத்தனை பேர் கண் முன்னாலும் சொட்டு நின்றது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஆறிப்போன வண்டிய நான் பாக்கவே இல்லையே தங்கச்சி."

ஆறியதும், மெக்கானிக்கிடம் விடாமல் அவரே பழைய குழாயை அறுத்து எடுத்தார். உலோக வாயிலிருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தார். புதுக்குழாயும் புதுக்கிளிப்பும் மாட்டி, மூடியைத் திறந்து வைத்தே இன்ஜினை ஓடவிட்டு, குழாயை அமுக்கி அமுக்கி உள்ளே சிக்கியிருந்த காற்றை வெளியேற்றினார். குமிழ் அடங்கும் வரை கூலண்ட் ஊற்றினார்.

சனிக்கிழமை விடியலில் முதலாளி தானாகவே வந்து மூடியைத் திறந்தார். விளிம்பு வரை கூலண்ட் தளும்பியது. விரலைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினார்.

"பரவால்லம்மா. உன்னோடது ராசியான கைதான்."

"ராசி இல்ல முதலாளி, கிளிப்பு."

சாவியை வாங்கிக்கொண்டு கண்ணாடியிலிருந்த தாயத்தைக் கழற்றி முதலாளி கையில் வைத்தார். அங்கே அந்தத் துருப்பிடித்த பழைய கிளிப்பைத் தொங்கவிட்டார்.

"கெட்டில் எங்கப்பா?" என்று யாரோ பின்னால் கேட்டார்கள். "மச்சினனா? இன்னும் வரல" என்று பதில் வந்தது.

மேம்பாலத்தின் உச்சியில் முள் நடுவில் நின்றது. கிளிப் ஆடிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் அவர் ஒரு முறை, தேவையே இல்லாமல், நீளமாக ஹாரன் அடித்தார்.