ஜுமைரா மைதானத்தில் நான் திருப்பி எறிந்த பந்து

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் அம்மாவுக்குக்கூட வேண்டாம். உங்கள் அம்மாக்களும் என் அம்மாவும் ரோலா கடைத்தெருவில் ஒரே கடையில்தான் காய்கறி வாங்குகிறார்கள். பத்மா, உஷா, இரண்டு பேரும் படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். அடுத்த மாதம் நீங்களும் பேஸ்பால் பார்க்கப் போவதாகச் சொன்னீர்களே, அதனால்தான் வழி, செலவு, எங்கே உட்காருவது எல்லாவற்றையும் எழுதுகிறேன். அங்கே இன்னொன்றும் நடந்தது. அதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று உங்களுக்குத் தெரியும். வேறு யார் கையிலாவது இது போய்ச் சேர்ந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கும் மணல் திடலில் மூன்று வருடம் பையன்களோடு கிரிக்கெட் ஆடினேன். ஆடினேன் என்று பெயர்தான். பேட்டைத் தொடவே விடமாட்டார்கள். தண்ணீர் டேங்கர் நிற்கும் கடைசி மூலையில் நிறுத்திவிடுவார்கள். பந்து வந்தால் பொறுக்கி எறிய வேண்டும், அவ்வளவுதான். போன பிப்ரவரியில் நான் பெரியவளானதும் அப்பா அதையும் நிறுத்தச் சொன்னார். ஏப்ரலில் மறுபடி என்னைத் திடலில் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. "இன்னொரு தடவை எந்த கிரவுண்டுலயாவது உன்னைப் பார்த்தேன்னு வை, டி.சி. வாங்கிப் பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல விட்டுடுவேன்" என்று மட்டும் சொன்னார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

அப்பாவுக்கு இப்போது ருவைஸில் வேலை. அங்கே ரிஃபைனரி கட்டும் சைட்டில் ஸ்டோர்ஸ் அவர் பொறுப்பு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வியாழக்கிழமை இரவு வீட்டுக்கு வருவார். போன வாரம் அவர் வராத வாரம். அம்மாவிடம், சித்தி வீட்டில் கணக்குப் போடப் போகிறேன் என்று சொன்னேன். சித்தி வீடு அடுத்த தெருதான். சித்தப்பா துபாயில் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அங்கே போன பிறகு அவருக்கு பேஸ்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. சீசன் ஆரம்பித்துவிட்டால் ஒரு வெள்ளியும் விடமாட்டார். "பாவம், ஒரே ஒரு தடவை பார்க்கட்டுமே" என்று சித்திதான் அவரைச் சம்மதிக்க வைத்தாள். துணைக்குத் தானும் வந்தாள். கையில் ஒரு டிஃபன் கேரியர் புளிசாதம்.

இனி வழி. ரோலா டாக்ஸி ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு ஷேர் டாக்ஸி ஏறினோம். துபாயில் தேராவுக்கு ஆளுக்கு இரண்டு திர்ஹம். ஐந்து பேர் சேர்ந்தால்தான் எடுப்பான், வெள்ளிக்கிழமை காலையில் உடனே சேர்ந்துவிடும். பெண்கள் பின் சீட்டில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். தேராவில் இறங்கிக் கடற்கழிப் பக்கம் நடந்தால் அப்ரா நிற்கும், அக்கரைக்குப் போகும் படகு. ஆளுக்கு இருபத்தைந்து ஃபில்ஸ். சில்லறை கையில் இருக்கட்டும், நோட்டை நீட்டினால் படகுக்காரன் முறைப்பான்.

அப்ராத் துறையில் முருகேசன் அண்ணன் எங்களோடு சேர்ந்துகொண்டார். ராமநாதபுரத்துக்காரர், சித்தப்பா கம்பெனியில் எலக்ட்ரீஷியன், தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருக்கிறார். படகு கிளம்புவதற்குள் இரண்டு பேருக்கும் சண்டை ஆரம்பித்துவிட்டது. கம்பெனியில் இரண்டு அணிகள், பைப்லைன் ஒன்று, டிரில்லிங் ஒன்று. சித்தப்பா பைப்லைன் கட்சி, அண்ணன் டிரில்லிங் கட்சி.

"இந்த வருஷம் பைப்லைன் கதை முடிஞ்சுது சார். மூணு ஆட்டம், மூணும் போச்சு."

"மூணு ஆட்டத்தை வெச்சு என்னய்யா பேசறே? இப்பத்தானே சீசன் ஆரம்பிச்சிருக்கு. பிப்ரவரி வரைக்கும் இருக்கு."

"போன வருஷமும் பிப்ரவரி, பிப்ரவரின்னீங்க. பிப்ரவரி வந்துச்சு. கப்பு வரல."

"அப்ப ஏர்ல் துரைக்கு முழங்கால் சரியில்ல."

"இப்ப மட்டும் என்னவாம்? உக்காந்தா, எந்திரிக்கிறதுக்குள்ள நான் ஒரு சாயா குடிச்சிருவேன்."

ஏர்ல் துரை யார் என்று நான் கேட்டேன். அமெரிக்காவில் சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியவராம். ஓய்வு பெற்ற பிறகு எண்ணெய் வேலைக்கு வந்து, இப்போது பைப் இன்ஸ்பெக்டராக இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் பைப்லைன் அணிக்கு கேட்சர். அதாவது, பேட் பிடிப்பவருக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். முருகேசன் அண்ணன் ஒரு தடவை அவர் வீட்டு ஏ.சி.யை ரிப்பேர் பண்ணப் போனாராம்.

"கை குடுத்தாரும்மா. விரலு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசை. இஞ்சி பாத்திருக்கியா? அப்படி. எந்த விரல் எந்த ஊரு ஆட்டத்துல உடைஞ்சுதுன்னு ஒண்ணொண்ணா சொன்னாரு. அப்புறம் பெப்சி குடுத்தாரு."

சித்தப்பா முகம் வாடிவிட்டது. "நாலு வருஷமா அதே ஃப்ளோர்ல இருக்கேன். எனக்கு ஒரு குட் மார்னிங்குக்கு மேல கிடைச்சதில்ல."

"உங்க ஏ.சி. நல்லா ஓடுது சார், அதான்" என்றார் முருகேசன் அண்ணன். படகுக்காரர்கூடச் சிரித்தார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

அக்கரையில் பர் துபாயிலிருந்து ஜுமைராவுக்கு டாக்ஸி, நான்கு பேருக்குமாக ஐந்து திர்ஹம். கடலுக்கு எதிர்ப்பக்கம் கம்பெனி வளாகம். கேட்டில் ஒரு பட்டான் வாட்ச்மேன் "பாஸ்?" என்று கையை நீட்டினார். சித்தப்பா தன் பாஸைக் காட்டி, எங்களைக் காட்டி, "ஃபேமிலி, பாய்" என்றார். முருகேசன் அண்ணனையும் சேர்த்துத்தான், கேம்ப் ஆட்களுக்கு லீவு நாளில் பாஸ் கிடையாதாம். "இத்னா படா ஃபேமிலி?" என்று, இவ்வளவு பெரிய குடும்பமா என்பதுபோல் பார்த்தார் வாட்ச்மேன். ஆனாலும் விட்டுவிட்டார். டிக்கெட் கிடையாது, நீங்களும் சித்தப்பாவோடு போனால் விட்டுவிடுவார்.

மைதானத்தில் புல் ஒன்றும் இல்லை. மணல் பறக்காமல் இருக்க எண்ணெய் தெளித்துக் கறுப்பாக இருக்கிறது, காலையிலேயே கெரசின் வாடை அடிக்கிறது. உட்காரப் பலகைப் படிகள் இருக்கின்றன. வலது பக்கம் மேல் படியில் உட்காருங்கள், அங்கேதான் நிழல். ஆட்டம் ஒன்பதரைக்கு ஆரம்பித்தது.

உங்களுக்குப் புரிய ஒன்று மட்டும் சொன்னால் போதும். கிரிக்கெட்டில் பின்பக்கம் அழகாகத் தட்டிவிட்டால் ரன். இங்கே அது செல்லாது. முன்னால் இரண்டு வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கிறார்கள், அவற்றுக்கு நடுவில்தான் அடிக்க வேண்டும். வெளியே போனால் ஃபவுல். அப்படிப் போகும் பந்து சில சமயம் பார்ப்பவர்கள் நடுவில் வந்து விழும். சித்தி அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இது இன்னிக்கே முடிஞ்சுடுமா, இல்ல கிரிக்கெட் மாதிரி அஞ்சு நாளா?" என்று கேட்டாள். பிறகு புளிசாதத்தைப் பிரித்தாள்.

அப்போதுதான் அது வந்தது. டிரில்லிங் ஆள் ஒருவர் ஓங்கி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே எழும்பி எங்கள் பக்கம் திரும்பியது. முன் படியில் இருந்த அமெரிக்க அம்மாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் எழுந்து நின்றேன். யோசித்தேன் என்று சொன்னால் பொய். மூன்று வருடப் பழக்கம், கை தானாகவே போனது. கிரிக்கெட் பந்து மாதிரி கனமாக இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் லேசு, ஆனால் அடி அதே அடி. உள்ளங்கை எரிந்தது. விடவில்லை.

அடுத்த நொடி திருப்பி எறிந்துவிட்டேன். வேறென்ன செய்வது? ஆடுகிறவர்களுக்குப் பந்து வேண்டுமே. ஏர்ல் துரை முகமூடியோடு குந்தியிருந்தார், அவரைப் பார்த்து எறிந்தேன். தரையில் படவில்லை. அவர் கையுறையை நகர்த்தவும் இல்லை, பந்து நேராக அதற்குள் போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் எங்கள் படி வரைக்கும் கேட்டது.

உடனே எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள். தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். தப்புத்தான். "அடிப்பாவி, அதை வெச்சுக்கணும்டி!" என்று சித்தப்பா தலையில் கை வைத்தார். இந்த ஆட்டத்தில் பார்ப்பவர் கைக்கு வரும் பந்து பார்ப்பவருக்கே சொந்தமாம், யாரும் திருப்பித் தரமாட்டார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? நம் திடலில் ஒரே பந்துதான். அது தொலைந்தால் அன்றைக்கு ஆட்டமே இல்லை.

ஏர்ல் துரை மெதுவாக எழுந்து முகமூடியைக் கழற்றினார். கையுறைக்குள் இருந்த பந்தைப் பார்த்தார், பிறகு எங்கள் படியைப் பார்த்தார்.

பைப்லைன் அன்றைக்கும் தோற்றது. அதற்கு வருத்தப்படக்கூடச் சித்தப்பாவுக்கு நேரமில்லை. ஆட்டம் முடிந்ததும் துரை நொண்டிக்கொண்டே நேராக எங்களிடம் வந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. இங்கிலீஷில்தான் பேசினார், எனக்கு முக்கால்வாசி புரிந்தது. "யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. நீ ஏன் கொடுத்தாய்?" என்று கேட்டார்.

"ஆட்டம் நின்றுவிடக் கூடாதே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எங்கே எறியக் கற்றுக்கொண்டேன் என்று கேட்டார். தண்ணீர் டேங்கர் நிற்கும் மூலையில் என்றேன். சித்தப்பா அதை விளக்கப் பார்த்துத் திணறினார். துரை என்னைக் கடைசி வேலி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் மூன்று பந்துகளைக் கையில் கொடுத்தார். தான் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்க் குந்தினார். முதல் பந்து அவர் தலைக்கு மேலே போய்க் கம்பி வலையில் மோதியது. இரண்டாவது ஒரு முறை தரையில் குத்தியது. மூன்றாவதை எறியும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தாழ்வாக, நேராக அவர் கையுறைக்குள் போனது. "அப்படிப் போடுடி!" என்று சித்தி பலகை மேல் ஏறி நின்று கேரியர் மூடியை ஆட்டினாள். முருகேசன் அண்ணன் அடித்த விசிலை உங்களிடம் எப்படி எழுதிக் காட்டுவது என்று தெரியவில்லை. என் பெயரைக்கூடத் தெரியாத பெண்கள் கை தட்டினார்கள்.

துரை எனக்குக் கை கொடுத்தார். இஞ்சிதான். கம்பெனிக் குடும்பத்துப் பெண்களுக்கு ஓர் அணி இருக்கிறதாம், வேலிப் பக்கத்திலிருந்து எறிய ஆள் இல்லையாம். வெள்ளிதோறும் வர முடியுமா என்று கேட்டார். பந்தையும் கொடுத்தார். (அது இப்போது சித்தி வீட்டு அரிசி டின்னுக்குள் இருக்கிறது.) "உன் அப்பாவைக் கேட்க வேண்டுமே, அவர் எங்கே?" என்றார்.

சித்தப்பா வாய் தவறி ருவைஸ் என்று சொல்லிவிட்டார்.

"ருவைஸா? திங்கட்கிழமை அங்கே எனக்கு இன்ஸ்பெக்ஷன் இருக்கிறது. நானே பார்த்துச் சொல்கிறேன்" என்றார் துரை. வேண்டாம் என்று சொல்ல சித்தப்பாவால் முடியவில்லை. நான்கு வருடத்தில் முதல் தடவையாகத் துரை அவருக்குக் கை கொடுத்துப் பேசியிருக்கிறார். "யெஸ் சார், தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது அப்ராவில் சித்தப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். "செத்தேன். அண்ணன் என்னை வீட்டுப் படி ஏத்தமாட்டார். இவளைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பப் போறார்."

"சும்மா இருங்க. நாம சொன்னா அடி விழும். வெள்ளைக்காரன் சொன்னா அத்தான் நாற்காலி எடுத்துப் போடுவார்" என்றாள் சித்தி. ஆனால் அவள் கையும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

நீங்கள் போவதாக இருந்தால்: செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள், எண்ணெய் மணல் ஒட்டிக்கொண்டால் போகாது. வெள்ளைப் பாவாடை வேண்டவே வேண்டாம். தண்ணீர் எடுத்துப் போங்கள், அங்கே விற்கும் கோக் ஒரு திர்ஹம். ஒரு மணிக்குள் ரோலாவுக்குத் திரும்பிவிடலாம். ஆள் ஒருவருக்குப் போக வர ஏழு திர்ஹம் ஆகும். பந்து உங்கள் பக்கம் வந்தால் வைத்துக்கொள்ளலாம், அதுதான் அங்கே முறை. நான் மறுபடி போனாலும் திருப்பித்தான் எறிவேன்.

இன்றைக்கு புதன்கிழமை. உள்ளங்கை நீலமாகி இப்போது மஞ்சளாகிவிட்டது. அம்மா கேட்டதற்குக் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றேன். திங்கட்கிழமை துரை ருவைஸ் போயிருப்பார். ஹாஸ்டலை நினைத்தால் எனக்குப் பயம்தான், அது நிஜம். ஆனால் போகாமல் இருந்திருக்கலாமே என்று நினைத்துப் பார்த்தேன், அப்படி என்னால் நினைக்க முடியவில்லை. அந்த மூன்றாவது பந்து என்னுடையது. ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டாலும் அது என்னுடையதுதான்.

கீழே பிக்கப் வண்டி நிற்கும் சத்தம் கேட்கிறது. அப்பா நாளைக்குத்தானே வர வேண்டும்.

அப்பாதான். ஹாலில் அம்மாவிடம் பேசுகிறார். "ஸ்டோர்ஸுக்கே வந்துட்டாரு, எல்லார் முன்னாடியும்..." அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மா "யாரு? நம்ம பொண்ணா?" என்கிறாள். "எங்கே அவ?"

நான் ஸ்டோர் ரூமில் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், இதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. தட்டுகிறார், என் முதுகில் படுகிறது. அப்பா எந்தக் கதவையும் தட்டிவிட்டு உள்ளே வந்ததில்லை.

"வேலியிலிருந்தா எறிஞ்சே?" என்று கேட்கிறார். "அது எவ்வளவு தூரம் இருக்கும்மா?" பேனாவை மூடிவிட்டுக் கதவைத் திறக்கப் போகிறேன்.