பத்தே முக்காலுக்கு ஒரு எட்டிப்பார்வை

நான் எழுதியவற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது ஒரே ஒரு ப்ரோக்ராம். கட்டுரைகளெல்லாம் அச்சான வாரமே நின்றுவிட்டன. பதினெட்டு வருடங்களுக்கு முன், அலுவலகத்தில் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது, எதற்கு என்ன சீரியல் நம்பர் என்று பட்டியல் கேட்டார்கள். மேஜை மேஜையாகக் குனிந்து ஸ்டிக்கர் படிக்க என் இடுப்பு அப்போதே சம்மதிக்கவில்லை. கம்ப்யூட்டரின் மெமரியில், அடியில் ஒரு மூலையில், இந்த விவரமெல்லாம் எழுதியிருக்கும். எங்கள் கம்ப்யூட்டர்களை ஓட்டும் லினக்ஸில் மொத்த மெமரியையும் நேராகப் பார்க்க ஒரு வாசலும் உண்டு. என் ப்ரோக்ராம் அதன் வழியே தலையை நீட்டி, நம்பரைப் படித்துக்கொண்டு வந்துவிடும்.

நான் கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்தில் வளர்ந்தவன். அடுத்த தெருவுக்குப் போக யார் வீட்டிலாவது முன்வாசலில் நுழைந்து கொல்லை வழியே வெளியேறுவோம். போகிற போக்கில் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்றும் பார்த்துக்கொள்வோம். ஆகவே அடுத்தவர் மெமரிக்குள் தலை நீட்டுவது அநாகரிகம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் காலை பத்தே முக்காலுக்கு ஓடும்படி வைத்தேன். அது சாயா நேரம். கழக்கூட்டத்தில் எங்கள் அலுவலகமே கேட்டுக்கு வெளியே தட்டுக்கடையில் பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியோடு நிற்கும். யார் வேலையும் கெடாது. பிறகு அதை நான் மறந்தேன். அது என்னை மறக்கவில்லை. புது மெஷினைப் பழையதன் நகலாகவே எழுப்புவோம் என்பதால், எங்கள் எல்லா மெஷின்களிலும் தானாகவே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

இந்த வருடம் ஒரு ரத்தப் பரிசோதனை லேப் எங்களிடம் வந்தது. நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை ஒரு புது மாதிரி மெஷினில் வைக்க வேண்டும். மெஷின் ஓடுவது வேறு யாரோ ஒருவரின் கட்டடத்தில். ஆனால் கட்டடத்துக்காரரே நினைத்தாலும் அதன் மெமரியைப் படிக்க முடியாது, எல்லாம் பூட்டிய எழுத்து. பாறசாலைக்காரியான எங்கள் டீம் லீட் ஆறு மாதம் உழைத்து அதை எழுப்பினார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், எனக்கு மேலதிகாரி.

எழுப்பிய மெஷின் தினமும் செத்தது. சாயா குடித்துவிட்டு வந்து பார்த்தால் பிணம். ஏன் செத்தது என்று ஒரு வரிப் பதிவு கிடையாது. நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து போவதுதான் காரணம் என்று முடிவுசெய்து, சாயாவை இரண்டு பேட்ச் ஆக்கினோம். பிறகு மூன்று. மெஷின் அசரவில்லை. வெள்ளிக்கிழமை லேப்காரர்கள் நேரில் வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் கண்ணெதிரே செத்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், லீடின் ஆறு மாதமும் போகும்.

புதன்கிழமை நான் சாயாவுக்குப் போகவில்லை. என் ரத்தச் சர்க்கரையைப் பார்த்த டாக்டர் பழம்பொரிக்குத் தடை போட்டிருந்தார். என் கண் முன்னால் மெஷின் விழுந்தது. மணியைப் பார்த்தேன். பத்தே முக்கால். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

அன்று வாயைத் திறக்கவில்லை. வீட்டில் மனைவி கேட்டாள்: "எதுக்காக்கும் இந்த முகம்?"

சொன்னேன்.

"பதினெட்டு வருஷமா அடுத்தவா ஆத்துல எட்டிப் பாத்துண்டு இருந்தேளா? நாளைக்குப் போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்கோ. அது பாவம்."

வியாழக்கிழமை போய்ச் சொன்னேன். லீட் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நேத்தே அந்த ப்ரோக்ராமைப் பாத்தாச்சு சார். முதல் வரியிலேயே சார் பேரு கெடக்குல்லா. எப்ப வந்து சொல்லுவீயன்னு இருந்தேன்."

"அழிச்சுடறேன்."

"வேண்டா சார். இதை அழிச்சா இது ஒண்ணுதான் போகும். நாளைக்கு லேப்காரங்க வேற ஏதாவது பழைய சாமானத்தைக் கொண்டு போட்டா? வாசலையே அடச்சிரலாம்."

பிறகு விளக்கினார். அந்த மெஷினில் ஒவ்வொரு மெமரிப் பக்கமும் பூட்டியதா, திறந்ததா என்று முன்பே தீர்மானம் ஆகியிருக்கும். என் ப்ரோக்ராம் பூட்டிய பக்கத்தைத் திறந்த பக்கம் என்று நினைத்துக் கை வைக்கிறது. திருட்டு என்று பயந்து பிராசஸர் மெஷினையே நிறுத்திவிடுகிறது. இதற்கு லினக்ஸ்காரர்கள் ஏற்கெனவே திருத்தம் எழுதியிருந்தார்கள்: இப்படிப்பட்ட மெஷின்களில் அந்த வாசல் எந்த ப்ரோக்ராமுக்கும் திறக்காது. நானே மெஷின் முதலாளி என்று வந்து நின்றாலும் திறக்காது. சாயங்காலத்துக்குள் அந்தத் திருத்தம் சேர்ந்த லினக்ஸை ஏற்றினோம்.

"அப்போ என் ப்ரோக்ராம்?"

"அது அங்கேயே கெடக்கட்டும். எட்டிப் பாக்க ஆளில்லன்னா வாசல் அடச்சிருக்கான்னு எப்படி சார் தெரியும்? நாளைக்காக நான் ஜெபிச்சாச்சு. நீங்க உங்க வழியப் பாத்துக்கிடுங்க."

என் வழி பழவங்காடி வழி. வெள்ளிக்கிழமை காலை பிள்ளையாருக்குத் தேங்காய் எறிந்தேன். முதல் எறிக்கு உடையவில்லை. பின்னால் நின்றவர் "ஒண்ணு கூடி சாரே" என்று இன்னொரு எறிக்குச் சொன்னார். இரண்டாவது எறிக்குச் சிதறியது.

பத்து நாற்பதுக்கு லேப்காரர்கள் இரண்டு பேர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலகத்தில் ஒருவரும் சாயாவுக்குப் போகவில்லை. லீட் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். பத்தே முக்கால். திரையில் ஒரே ஒரு வரி வந்தது: அனுமதி இல்லை. மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பத்து நாற்பத்தாறு. நாற்பத்தேழு. பத்திரிகைகளிலிருந்து எனக்கு வந்த மறுப்புகள் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். எதையும் நான் இவ்வளவு சந்தோஷமாகப் படித்ததில்லை.

லேப்காரர்களில் ஒருவர் அந்த வரியைக் காட்டி, அது என்ன என்று கேட்டார்.

"அது எங்க சாருக்கு வந்த பதில்" என்றார் லீட். "பயப்படாதீங்க. தினமும் வரும்."

பதினொரு மணிக்கு எல்லோரும் ஒரே பேட்சாகச் சாயாவுக்குப் போனோம். லீட் என் கையில் ஒரு பழம்பொரியை வைத்தார். டாக்டரைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை வீணாக்கவில்லை.