வெள்ளைக்கல் குழித் தண்ணீருக்குச் சாட்சி

1979, மாசி மாதம். பிள்ளைகளே, விடியற்காலை ஐந்து மணிக்கு நாமக்கல்லில் பஸ் ஏறினேன். சேலத்துக்கு மூன்றேகால் ரூபாய். அங்கிருந்து கருப்பூர் டவுன் பஸ். வெள்ளைக்கல் குழிக்குப் போகிறேன் என்றதும் கண்டக்டர் சிரித்தார்.

"அங்க ஓணானுக்குக்கூட நெழல் கெடையாதுங்களே."

கருப்பூரில் இறங்கி ஒன்றரை மைல் நடக்க வேண்டும். உங்கள் மாமா சின்னுசாமியின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கல் வெட்டியவர்கள், குத்தகை முடிந்ததும் ஒரு பெரிய குழியையும் கல் தூள் மேட்டையும் விட்டுப் போய்விட்டார்கள். மாமா மேட்டைச் சரித்துச் சமன் செய்து, ஏரி வண்டலை வண்டி வண்டியாகக் கொட்டி, கொய்யா நட்டிருக்கிறார். இலைகள் சுருண்டு தொங்கின. குழி நிறையத் தண்ணீர் இருந்தும் இறைக்க முடியாது. இருநூறு அடி தள்ளிக் கிணறு வைத்திருக்கும் பழனியம்மாள், குழியில் இறைத்தால் தன் கிணறு வற்றும், குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, காய்ந்துபோகும் என்று தடுத்திருந்தார். ஒரு நாள் இறைத்துப் பார்ப்பது, கிணற்று மட்டத்தை வெளியூர்க்காரர் ஒருவர் பார்த்துச் சொல்வது என்று ஊரில் பேசி முடித்திருந்தார்கள். அந்த வெளியூர்க்காரர் நான்தான்.

"மச்சானுக்கு மச்சானே சாட்சிங்களா? நல்லாருக்குதுங்க நாயம்," என்றார் பழனியம்மாள்.

காலை ஒன்பது மணி. கிணற்றுக்குள் இறங்கி, தண்ணீர் மட்டத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டேன். சுவர் முழுக்க வெள்ளைக்கல் என்பதை யோசிக்கவில்லை.

"ஏனுங்க, வெள்ளக்கல்லுல வெள்ளக் கோட்டப் போட்டுப்புட்டு, சாயங்காலம் எதைப் பாத்துச் சொல்லுவீங்க?" என்று மேலிருந்து பழனியம்மாள் கேட்டார். அடுப்புக்கரி ஒன்றைத் தூக்கிப் போட்டார். கரியால் மறுபடி கோடு போட்டேன்.

குழியில் ஆயில் இன்ஜினை ஓடவிட்டார்கள். பழனியம்மாள் அன்று தன் கிணற்றில் ஒரு குடம்கூட எடுக்கவில்லை, கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மாலை நான்கு மணிக்கு இன்ஜினை நிறுத்தினார்கள். நான் இறங்கி விரல் வைத்து அளந்தேன். மேலே மாமா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலு விரக்கடை எறங்கிருக்குதுங்க," என்றேன்.

மாமா கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மச்சானுக்காக ரெண்டு விரலுன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சனுங்க," என்றார் பழனியம்மாள். பிறகு மாமாவைப் பார்த்து, "அதுக்குள்ள ஏஞ்சாமி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்ட? காத்தால ஊறியிருக்குதான்னு பாத்துட்டுப் பேசலாம்," என்றார்.

மறுநாள் காலை ஆறு மணி. மூவரும் கிணற்றுக்குள் இறங்கினோம். தண்ணீர் கரிக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பழனியம்மாள் அங்கேயே சொன்னார்: "ஒரு நா எறச்சா ஒரு நா உட்டுரோணும். சித்திரையில தண்ணி இந்த அஞ்சாம் படிக்குக் கீழ போச்சுன்னா இன்ஜினை நிறுத்திப்போடோணும். கொய்யாவுக்குப் போக வழியற தண்ணி எங்காட்டுக்கு."

"சரிங்க அக்கா," என்றார் மாமா.

நான் புறப்படும்போது கொய்யாப் பாத்திகளில் முந்தின நாள் ஈரம் இன்னும் கறுப்பாக இருந்தது. சுற்றிலும் வெள்ளை நிலம். சில கன்றுகள் பிழைக்காது. மற்றவை பிழைத்துவிடும் என்றுதான் தோன்றியது.

பஸ்ஸில் நம் பங்குக் கிணற்றை நினைத்துக்கொண்டே வந்தேன். முறைத் தண்ணீரில் யார் அரைமணி கூட எடுத்தது என்ற சண்டையில், நானும் உங்கள் சித்தப்பாவும் இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்தோம். பஸ் வந்து வெகுநேரம் ஆகியும் என்னைக் காணோமே என்று அன்று அம்மா கேட்டாள் அல்லவா? சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அரைமணி கூட எடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.