அச்சன்புதூர் உலகம்மை கட்டிய குலுக்கைகள்

அச்சன்புதூர் வட்டாரத்தில் உலகம்மை கட்டிய குலுக்கைகள் நாற்பதுக்குக் குறையாது. நெல் கொட்டி வைக்க, வீட்டுக்குள்ளேயே ஆளுயரத்துக்கு மேல் எழுப்புகிற மண் கூடு அது. குளத்துக் கரம்பை மண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்து, ஒரு நாளைக்கு ஒரு சாண் சுவர்தான் வைப்பாள். குற்றாலத்துச் சாரல் அடிக்கிற ஆனி, ஆடியில் அதுவும் கிடையாது.

"ஈரத்துமேல ஈரம் வச்சா சுவரு வயித்தத் தள்ளிரும்" என்பாள்.

புருஷன் வாசுதேவநல்லூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. "நான் கட்டுனதுல நிக்காதது அவன் ஒருத்தன்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

1961-இல், கிராமத் தொழில்களையும் பழைய பண்ணைக் கட்டடங்களையும் பதிவு செய்யும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. அளவெடுத்து, படம் வரைந்து, இங்கிலீஷில் அறிக்கை எழுத வேண்டும். தென்காசியில் இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதால் என்னை எடுத்தார்கள்.

தங்கபுஷ்பம் ஆச்சி வீட்டுக் குலுக்கைக்குள் என்னை இறக்கிவிட்டவள் உலகம்மைதான். உள்ளே அளந்தேன். வெளியே அளந்தேன். உள்ளே உயரம் ஒன்றரை முழம் குறைந்தது. மறுபடியும் அளந்தபோது உலகம்மை குரலைத் தாழ்த்தினாள்.

"கண்டுபிடிச்சிட்டியே! அடியில இன்னொரு அறை இருக்கு. கஷ்ட காலத்துக்குன்னு ஒதுக்குத நெல்லு. வீட்டுப் பொம்பளைக்கும் கட்டுனவளுக்குந்தான் தெரியும். இந்த வீட்டு அண்ணாச்சிக்கே தெரியாது. ஊருல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டுராத தாயி. வெளிய தெரிஞ்சா என்னய எவளும் வீட்டுக்குள்ள விடமாட்டா."

தலையாட்டினேன். பிறகு அறிக்கையில் எழுதினேன். அடியறை தெரியும்படி படம் போட்டேன். யார் வீடு என்பதையும் குறித்தேன். இங்கிலீஷில் எழுதுவது ஊரில் சொன்னதாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலதிகாரி அந்தப் பக்கத்தைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது.

1965-இல் அரிசித் தட்டுப்பாடு வந்தது. பதுக்கிய நெல்லைத் தேடி அதிகாரிகள் வீடு வீடாக வந்தார்கள். அதற்கு முந்தின வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து அறிக்கையைக் கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்ததும் நான்தான். எதற்கென்று கேட்கவில்லை. அவர்கள் தங்கபுஷ்பம் ஆச்சி வீட்டில் வேறெங்கும் தேடாமல், நேரே குலுக்கையின் அடியில் கடப்பாரையைப் போட்டார்கள். எட்டு மூட்டை போயிற்று.

ஆச்சி நடுத்தெருவில் நின்று உலகம்மையைக் கேட்டாளாம்: "ஏட்டி, எம்புட்டு மண்ணு பூசுத! ஒன் வாயில கொஞ்சம் பூசத் தெரியலையா?"

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவளைக் கூப்பிடவில்லை. குத்துக்கல்வலசையில் செங்கல் சூளைக்கு மண் சுமக்கப் போனாள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான்கு மாதம் பேசாமல் இருந்தேன். வேலை போய்விடுமோ என்று பயம். அதைவிட, அவள் முகத்தைப் பார்க்கப் பயம்.

கடைசியில் சூளைக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன். அறிக்கையைப் பிரித்து, அந்தப் பக்கத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசியில் என் பெயர் அச்சாகியிருந்த இடத்தையும் காட்டினேன்.

ஆச்சி படத்தில் அடியறையின் மேல் விரலை வைத்தாள். "இம்புட்டு நாளும் இவள நான் பேசுனதக் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?" என்றாள் என்னிடம். பிறகு உலகம்மையிடம், "இத இடிச்சிட்டு வேற கட்டணும். நாளைக்கி மண்ணு மிதிக்க வாட்டி" என்றாள். அவ்வளவுதான்.

"வாரேன் ஆச்சி" என்றாள் உலகம்மை. என் பக்கம் திரும்பவில்லை.

நான்காம் நாள் ஆச்சி வீட்டுக்குப் போனேன். நோட்டு எடுத்துப் போகவில்லை. முழங்கை வரை சேறோடு உலகம்மை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்தியா? சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா."

"அங்கனயே நில்லு தாயி. அடி போட்டு முடிச்சிட்டுக் கூப்பிடுதேன்."

கதவைச் சாத்தினாள். முற்றத்தில் நின்றேன். பொழுது சாய்கிற வரை உள்ளே மண் அறைகிற சத்தம் கேட்டது. அவள் கூப்பிடவில்லை.