கிளிவெட்டிக்குப் போன லொறி

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் கிளிவெட்டியில் வயல் செய்கிறார். எனக்குச் சகலன் முறை. வயதில் மூத்தவர் என்பதால் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். சகலன்மார் பெண்சாதிமாருக்காக ஒருவரையொருவர் பொறுத்துப் போவது வழமை. நாங்கள் அப்படியில்லை, உண்மையாகவே சிநேகிதமாக இருந்தோம். ஏதாவது அலுவல் என்று திருகோணமலைக்கு வந்தால் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் என் கொமினிகேஷன் கடைக்கு வந்து, போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை கதைத்துக்கொண்டிருப்பார். கடை வாசலில் வந்து நிற்கும் மான்களுக்கு வாழைப்பழத் தோலைக் கொடுத்துப் பழக்கினதும் அவர்தான். இன்றைக்கும் அதுகள் வருகின்றன, நான்தான் விரட்டுகிறேன்.

எங்கள் வீட்டில் தமிழ்க் கட்சிக்குத்தான் வாக்குப் போடுவோம். அதை ஒரு முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. அப்பா அதற்குப் புள்ளடி போட்டார், நானும் போட்டேன். கட்சிக்காரர்கள் மேல் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களைத் திட்டுகிற உரிமை எங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

போன பொதுத் தேர்தலில் எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர் தெற்குக் கட்சிக்குப் போடப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. கொழும்பில் ஆட்சியைப் பிடித்த கட்சி. ஊழல் இல்லை, இனம் பார்க்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் நம்பவில்லை. ஒருநாள் பேஸ்புக்கில் ஒரு படம் பார்த்தேன். கிளிவெட்டியில் அந்தக் கட்சியின் கூட்டம். மேடையில் வேட்பாளருக்குப் பக்கத்தில், மாலையோடு, என் சகலன்.

தேர்தல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் மனைவியான மச்சாளும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். எங்கள் கட்சி எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. ஒன்றும் கதைக்கக்கூடாது என்று மனைவி காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள். ஓம் என்றுதான் சொன்னேன்.

"படம் பாத்தன்," என்றேன், இரண்டாவது தரம் சோறு போடும்போது. "மாலையெல்லாம் போட்டுக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஓம். கூப்பிட்டாங்கள், போனனான்."

"கூப்பிட்டா ஆரிட்டயும் போவீங்களோ?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "உங்கட ஆக்களைத்தானே இவ்வளவு காலமும் நாங்கள் கூப்பிட்டது. வாய்க்கால் உடைஞ்சு வயல் தண்ணிக்குள்ள தாண்ட நேரமும் கூப்பிட்டனாங்கள். ஆர் வந்தது? இவங்கள் வந்தாங்கள். சேத்துக்குள்ள இறங்கி நிண்டாங்கள்."

"சேத்துக்குள்ள இறங்கினாப் போதுமோ? உங்கட அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போனது ஆரு, தெற்கில இருந்து வந்த ஆமிதானே? அவற்ற எலும்புகூட இன்னும் கிடைக்கேல்ல. அவங்களுக்கே புள்ளடி போட்டிட்டு, ஒண்டும் நடக்காத மாதிரி இருந்து சாப்பிடுறீங்கள்."

மச்சாளின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. சகலன் எழுந்து குசினிக்குள் போய்க் கை கழுவினார். திரும்பி வந்து, துவாயில் கையைத் துடைத்துக்கொண்டே, சத்தம் உயர்த்தாமல் சொன்னார்.

"என்ர அண்ணனைப் பற்றி நீங்கள் கதைக்க வேண்டாம். சண்டைக்குள்ள நாங்கள் பிள்ளையளோட மரத்துக்குக் கீழ படுத்துக் கிடந்த நேரம் நீங்கள் கொழும்பில வேலை பாத்துக்கொண்டிருந்தனீங்கள். உங்களுக்கு அது கட்சிக் கதை. எனக்கு அண்ணன்."

அவர் சொன்னது உண்மை. உண்மை என்பதால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அவர்கள் புறப்பட, வாசல் படலை வரைக்கும் பின்னால் போய், இனிமேல் இந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்று கத்தினேன். முன்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மச்சாள் மோட்டார் சைக்கிளில் ஏறும்போது என் மனைவியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றைக்கு எனக்கு வெட்கமே வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. விடிந்ததும் டச்பே கடற்கரைக்குக் குளிக்கப் போனபோது, அங்கே வழமையாகச் சேர்கிற எங்கள் கூட்டத்திடம் இதை ஒன்றும் விடாமல் சொன்னேன். காணாமல் போன அந்த அண்ணனைப் பற்றிச் சொல்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தியும் சொன்னேன். எங்களில் மூத்தவர், ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், என் முதுகில் தட்டினார்.

"நல்லாக் குடுத்தீர். இவங்களை இப்பிடித்தான் ஒதுக்கி வைக்கவேணும்."

இதற்குப் பிறகு ஒரு வருடம் போல இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அக்காவும் தங்கச்சியும் தொலைபேசியில் கதைப்பார்கள். நான் உள்ளே வந்தால் மனைவி வெளியே போய்விடுவாள்.

பிறகு அந்த மழை வந்தது. மகாவலி ஆறு பெருகி மூதூர்ப் பக்கம் ஊர் ஊராக வெள்ளத்துக்குள் போனது. கிளிவெட்டிச் சனம் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. போன் வேலை செய்யவில்லை. மனைவி வாசலுக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். எங்கள் கடற்கரைக் கூட்டம் கூடி, கோயில் மண்டபத்தில் சமைத்துச் சோற்றுப் பார்சல் கட்டி அனுப்புவது என்று முடிவெடுத்தது. லொறி ஹாட்வெயார்க்காரருடையது. அவரும் மனமுவந்துதான் செய்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். தன் கடைச் சாக்குகளையும் தறப்பாள்களையும் விலை பார்க்காமல் ஏற்றினார். நானும் லொறியில் ஏறினேன்.

கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூரை நெருங்கும்போது றோட்டை நீர் மூடியிருந்தது. மூதூர்ப் பள்ளிவாசல் பெடியன்கள் இடுப்பளவு தண்ணீரில் முன்னால் நடந்து லொறிக்கு வழி காட்டினார்கள். போகும்போது தண்ணீர்ப் போத்தல்களையும் ஏற்றிவிட்டார்கள். யாருக்குக் கொண்டு போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் லொறியைக் கண்டதும் சனம் வரிசையாக வந்துவிட்டது. நான் மேலே நின்று பார்சலை எடுத்துக் கொடுக்க, ஹாட்வெயார்க்காரர் கீழே நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினார். களைப்பில் அவருக்குப் பகிடி பிறந்தது. ஒவ்வொருவரிடமும், "எங்க புள்ளடி போட்டனீங்கள்?" என்று கேட்கத் தொடங்கினார். சிலர் சிரித்தார்கள். சிலர் எங்கள் கட்சியின் பெயரைச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்கள். ஒரு வயதானவர் கேள்வி விளங்காமல் தன் விலாசத்தைச் சொன்னார். அதற்கும் சிரித்தோம்.

மச்சாள் வரிசையில் நின்றதை நான் அவர் கிட்ட வந்த பிறகுதான் கண்டேன். சீலையைச் சொருகி, தலையில் ஒரு பொலித்தீன் பையைப் போட்டிருந்தார். முன்னால் நின்ற யாரோ சொன்னார்கள், "இவ மற்றக் கட்சிக்காரற்ற மனுசி."

ஹாட்வெயார்க்காரர் கையை விரித்தார். "அப்ப ஏன் தங்கச்சி இஞ்ச நிக்கிறீங்கள்? உங்கட ஆக்கள் ஹெலிகொப்டரில கொண்டு வந்து போடுவினம், மேல பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

லொறியைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரை நோக்கி நீட்டிய பார்சல் என் கையில் இருந்தது, சிரிப்பும் என் வாயில் இருந்தது. மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான்தானா என்று சரிபார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு வரிசையை விட்டு விலகி, சேற்றில் வழுக்காமல் மெல்லக் காலை வைத்து வகுப்பறைப் பக்கம் போனார். அடுத்த ஆள் கையை நீட்ட, பார்சல் அந்தக் கைக்குப் போய்விட்டது.

எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு, ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பார்சலை எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போனேன். கடைசி வகுப்பறையில், மேசைகளைச் சேர்த்துப் போட்ட படுக்கையில், சகலன் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். தண்ணீரிலேயே நின்று பாதம் வெளிறி வெடித்திருந்தது. மச்சாள் பக்கத்துக் குடும்பத்துப் பெண்ணோடு ஒரே பார்சலில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பார்சல்தான். அந்தப் பெண் தன் பங்கைப் பிரித்துக் கொடுத்திருந்தாள்.

"இந்தாங்கோ," என்று நீட்டினேன்.

"இஞ்ச இருக்கு," என்றார் மச்சாள். நிமிரவில்லை.

சகலன்தான் எழுந்து என்னை விறாந்தைக்குக் கூட்டிப்போனார். அந்த மனுசன் பகிடிக்குச் சொன்னது என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நேத்து எங்கட கட்சிப் பெடியன்கள் வள்ளத்தில சாப்பிடப் பாண் கொண்டு வந்தவங்கள். எங்கட ஆக்கள் ஆரெண்டு என்னட்டத்தான் கேட்டாங்கள். நான் ஒவ்வொருத்தரா விரலைக் காட்டினனான்."

"மற்ற ஆக்களுக்கு?"

"போதாமப் போச்சுது." வெளியே மழைத் தண்ணீர் நிற்கிற விளையாட்டு மைதானத்தைப் பார்த்தார். "பக்கத்து வீட்டு வாத்தியார் பாத்துக்கொண்டு நிண்டவர். எனக்கு ஏடு துவக்கி எழுதப் பழக்கின மனுசன். உங்கட கட்சி."

"அண்ணை, அண்டைக்கு நான் கதைச்சது..." என்றேன்.

"அதை இப்ப எடுக்காதீங்கோ. இதைச் சொன்னதால அது சரி எண்டு நினைக்கவும் வேண்டாம். என்ர அண்ணனை இழுத்ததை மறக்க ஏலாது."

இரண்டு பார்சலையும் திருப்பிக் கொண்டுவந்தேன். "மிஞ்சிச்சோ?" என்று கேட்டார் ஹாட்வெயார்க்காரர். ஓம் என்றேன். வரும் வழியில் அவர் நித்திரையாகி என் தோளில் சாய்ந்தார். நானும் அசையாமல் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது போன் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. மனைவி எனக்குச் சாப்பாடு போட்டு வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"அக்கா கதைச்சவ. நீங்கள் சிரிச்சனீங்களாம்."

"நான் ஒண்டும் சொல்லேல்ல. அவர்தான்..."

"நான் அதைக் கேக்கேல்ல," என்று உள்ளே போய்விட்டாள்.

பாதை திறந்த அன்றைக்கே பஸ் பிடித்துக் கிளிவெட்டிக்குப் போனாள். வாறீங்களோ என்றும் கேட்கவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடையைத் திறந்து பார்த்தேன், இருக்க முடியவில்லை. பூட்டிவிட்டுப் பின்னால் போனேன்.

வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. அலுமாரி கவிழ்ந்து, நெல்மூட்டை முளைத்து நாறிக் கிடந்தது. சகலன் என்னைக் கண்டதும் மண்வெட்டி ஒன்றைத் தந்தார். நான் வெட்டிப் போட அவர் அள்ளினார். அங்கே நின்ற நாட்களில், தண்ணி வேணுமோ, அந்தப் பக்கம் தள்ளுங்கோ, இவ்வளவுதான் எங்களுக்குள் கதை.

தங்கள் வீடு ஓரளவுக்கு முடிந்ததும் அவர் மண்வெட்டியைக் கழுவித் தோளில் வைத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சேறு வழித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"சேர், தாங்கோ, நான் செய்யிறன்."

"வேண்டாம் தம்பி. நாங்கள் பாப்பம்."

"சேர், அண்டைக்குப் பாண்..."

"நாங்கள் பாப்பம் எண்டு சொன்னனே."

அதட்டவில்லை, ஏசவில்லை. குரலில் மரியாதைகூட இருந்தது. சகலன் திரும்பி வந்து கிணற்றடியில் மண்வெட்டியைக் கழுவினார். அதில் சேறு ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றியதைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போனேன்.

மனைவி என்னோடு திரும்பி வந்தாள். இப்போது பழையபடி கதைக்கிறாள், அரசியல் தவிர. மச்சாள் போனில் என்னோடு இரண்டு வார்த்தை கதைப்பார், சுகம் விசாரிப்பார். சகலன் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. வரச் சொல்லிக் கேட்டேன். பாப்பம் என்றார்.

நான் இன்னும் அதே கட்சிக்குத்தான் போடுவேன் என்று நினைக்கிறேன். என் மனதில் அது மாறவில்லை, மாறியது என்று எழுதினால் பொய். கடற்கரைக்கும் போகிறேன். கொஞ்ச நாள் போகாமல் இருந்துவிட்டு, ஹாட்வெயார்க்காரரிடம் சொல்லவேண்டும் என்றே ஒருநாள் போனேன். அவர் குளிப்பதற்குச் சேட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு லொறியடியில நீங்கள் ஹெலிகொப்டர் எண்டு சொல்லித் திருப்பின பொம்பிளை," என்றேன், "என்ர மச்சாள். மனுசியின்ர சொந்த அக்கா."

மனிதர் பதறிப்போனார். உண்மையாகவே பதறினார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, எனக்குத் தெரியாதே! ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இன்னொரு பார்சல் கூடவே குடுத்திருப்பனே. ஏன் ஐசே சொல்லேல்ல?"

"அதில்ல..." என்று தொடங்கினேன். திருப்பி அனுப்பியது என் மச்சாளை என்பது மட்டும்தான் பிழை என்பதுபோல நானே சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த வரிசையில் விலாசம் சொன்ன கிழவர் யார் என்று எனக்குத் தெரியாது, சிரித்ததில் அவர் சொன்ன ஊரும் மனதில் நிற்கவில்லை. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வழியில்லை.

"விடும், விடும். சொந்தக்காரருக்குள்ள சரியாயிடும்," என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீருக்குள் இறங்கினார். வாரும் என்று கூப்பிட்டார். நான் உடுப்போடு கரையிலேயே நின்றேன்.